கருமாதிக்கு மறுநாள் பார்பிகியூ

வீரய்யா இறந்த பதினாறாம் நாள் கருமாதி. பதினேழாம் நாள் பார்பிகியூ.

இதை முடிவு செய்தவர் கொழும்புக்குப் பக்கத்து வத்தளையிலிருந்து வந்திருந்த தம்பி நிமலன். நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் பதினாறு நாளும் மரக்கறிதான். கருமாதி முடிந்த மறுநாள், இறந்தவரின் கூடப்பிறந்தவர்கள் ஆட்டிறைச்சி வாங்கிக் குழம்பு வைத்து, லயத்தையே, அந்த வரிசை வீடுகள் அத்தனையையும், கூப்பிட்டு உட்கார வைத்து, தாலியறுத்தவளுக்கு முதல் துண்டைக் கொடுப்பார்கள். அவள் தின்றால் துக்கம் முறிந்தது என்று அர்த்தம். அதுவரை வேறு யாரும் இலையில் கை வைக்கக்கூடாது. தின்று முடித்ததும், அவள் இனி எங்கே இருப்பாள், என்ன செய்வாள் என்பதையும் அந்த இடத்திலேயே எல்லோர் முன்னாலும் கேட்டு முடிப்பார்கள்.

நிமலனுக்கு இந்த வழக்கத்தில் ஆட்சேபணை இல்லை. குழம்பில்தான் ஆட்சேபணை.

"எத்தன காலத்துக்குத்தான் அக்கா இந்தக் கொழம்பையே கட்டிக்கிட்டு அழுவீங்க? ஒலகம் எங்கயோ போயிருச்சு" என்றார்.

அக்கா இராக்கம்மா, மூத்தவள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஒலகம் போனாப் போகட்டும்டா. வீரய்யாவுக்குக் கொழம்புதான் புடிக்கும்."

"அண்ணன் சாப்புடப் போறது இல்லையே அக்கா."

இராக்கம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். பார்பிகியூ என்று தீர்மானமாயிற்று.

நிமலன் கொழும்பில், கடலைப் பார்த்தபடி இருக்கிற பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை செய்தார். என்ன வேலை என்பதில் தோட்டத்தில் இரண்டு கருத்து இருந்தது. செஃப் என்பது முதலாவது. அது அவருடைய கருத்து. அந்த ஹோட்டலுக்குப் பெயின்ட் அடிக்கப் போய்வந்த கீழே இருக்கிற பணிய லயத்துக்காரர் ஒருவர், நிமலனை முழங்கை வரை சவர்க்கார நுரையோடு பார்த்ததாகச் சொன்னார், அது இரண்டாவது. நிமலன் இதை மறுக்கவில்லை. "செஃப்னா எல்லா டிபார்ட்மென்ட்டும் தெரிஞ்சிருக்கணும்" என்று விளக்கம் கொடுத்தார். இந்த முறை வரும்போது வெள்ளைக் கோட்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அதன் நெஞ்சில் சிவப்பு நூலில் ஒரு பெயர் தைத்திருந்தது. நிமலனின் பெயர் அல்ல.

யூடியூப்பில் அவருக்கு ஒரு சேனலும் இருந்தது. பின்தொடர்பவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர். அதில் மூன்று பேர் அவருடைய மனைவி கேஷானி.

வீரய்யாவின் மனைவி விஜயலெட்சுமி இவை எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள்.

அவள் பதினாறு நாளாக வேறெதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. வீரய்யா இறந்த அன்று பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுதபோது, அவள் நடுவில் இருந்து, எதிரே அழுதவளின் ரவிக்கையில் ஒரு ஊக்கு கழன்றிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊக்கைத் தவிர அன்றைக்கு நடந்த எதுவும் அவளுக்கு நினைவில்லை. இராக்கம்மா தன் பங்குக்கும் அவள் பங்குக்கும் சேர்த்து அழுதாள். பல் பிடுங்க ஊசி போட்டு உட்கார வைத்துவிட்டு, பிடுங்க வேண்டியவர் எழுந்து போய்விட்டால் எப்படி இருக்கும்? விஜயலெட்சுமிக்கு அப்படி இருந்தது. கன்னம் கன்னமாக இல்லை. பால் விடாத பிளேன்டி குடித்தால் சூடு தெரிந்தது. ருசி தெரியவில்லை. சோறும் அப்படித்தான்.

தாலியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். சரி. மூன்றாம் நாள் நிமலன், அண்ணனின் சட்டைகள், கம்பளி, ஃபெக்டரிக்குப் போட்டுப்போன காக்கிக் கோட்டு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அடைத்தார். "செத்தவங்க துணி வீட்ல இருந்தா டிப்ரஷன் வரும் அண்ணி, குடுத்துருவோம்" என்றார். சரி. பிறகு காம்பரா என்கிற அந்த ஒற்றை அறைக்குள் லெவண்டர் வாசம் வரும் ஒரு டின்னை எடுத்து நாலு மூலைக்கும் அடித்தார். அதுவும் சரிதான்.

வீரய்யா இருபத்திரண்டு வருஷம் தேயிலை ஃபெக்டரியின் அடுப்பில் விறகு போட்டவர். கொழுந்தைக் காயவைக்கிற அந்தப் பெரிய அடுப்புக்கு லொறி லொறியாக டர்பன்டைன் விறகு வரும். தோட்டத்தில் டர்பன்டைன் என்பது யூகலிப்டஸ் மரத்தை. லயத்து அடுப்புகளில் எரிவது கவ்வாத்தில், செடியை மட்டம் வெட்டும்போது, கழிகிற தேயிலைக் குச்சி மாறுதான். டர்பன்டைன் ஃபெக்டரிக்கு மட்டும். இராவேலை முடிந்து காலையில் வரும்போது வீரய்யா, அந்த அடுப்புத் தணலில் சுட்ட மரவள்ளிக்கிழங்குத் துண்டு ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருவார்.

"கெழங்கா இது? தைலப் போத்தலா?" என்பாள் விஜயலெட்சுமி.

"சளிக்கு நல்லது" என்பார் அவர்.

அவள் அதைத் தின்றுவிட்டுக் கொழுந்து மலைக்குப் போவாள். நல்லாயிருக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இந்த இரண்டு வாக்கியமும் ஒரு சம்சாரத்துக்குப் போதுமாக இருந்தன.

நிமலன் பார்பிகியூ போட்டது அண்ணன் மேல் உள்ள பாசத்தால் மட்டும் அல்ல. கேஷானியின் தாயார் எட்டு மாதமாகப் படுத்த படுக்கை என்று வந்த அன்றைக்குச் சொன்னார். அவரைப் பார்த்துக்கொண்ட பெண் போன மாதம் நின்றுவிட்டாள் என்று நாலு நாள் கழித்துச் சொன்னார். அண்ணியை வத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போகும் யோசனையை, இந்த இரண்டோடும் சம்பந்தமில்லாத மூன்றாவது செய்தியாகச் சொன்னார்.

"ஒத்தையில கெடந்து எதுக்கு அண்ணி கஷ்டப்படணும்? நம்ம வீடு இருக்கு. டைல்ஸ் போட்ட வீடு."

"சரி."

கடிதமும் தயாராகிவிட்டது. நிமலனே எழுதியிருந்தார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் தோட்ட வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்' என்று. கறி தின்று துக்கம் முறிந்த பிறகு, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் தேவதாசன் முன்னால் கையெழுத்து. மறுநாள் காலையில் கார்.

கருமாதியன்று இராக்கம்மா விஜயலெட்சுமியை அடுப்படிக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏ புள்ள, கேளு. வேலக் கொப்பி செக்ரோல்ல பேர வெட்டிட்டா வெட்டுனதுதான். காம்பராவ அடுத்த வாரமே வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அங்க ஒத்து வரலன்னா எங்க வந்து நிப்ப? சொந்த விருப்பமாம்! ஒனக்கு விருப்பமா?"

"என்னமோ மதினி. எங்க இருந்தா என்ன."

"கேஷானியோட அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளத்தான் கூப்புடுறான். அவன் என் தம்பிதான், ஆனா சொல்லாம இருக்க முடியல."

"தெரியும் மதினி."

"தெரியுமா? தெரிஞ்சுமா சரின்னு சொன்ன? நாளைக்குச் சாப்ட்டு முடிஞ்சதும் எல்லார் முன்னுக்கும் கேப்பாங்க. அப்ப வாயத் தொறந்து, வரலன்னு ஒரு வார்த்த சொல்லு. சரின்னு சொன்னியோ, அதோட முடிஞ்சிது."

"சரி."

"அடிப்பாவி" என்றாள் இராக்கம்மா. "இதுக்குமா சரி?"

கருமாதி முடிந்து ஐயர் மோட்டார் சைக்கிளில் ஏறியதுமே நிமலன் பஸ்ஸறைக் கடைத்தெருவுக்கு ஓடினார். றஹீம் நானாவின் இறைச்சிக் கடையில் இரண்டு ஆட்டுத் தொடையும் ஆறு கோழியும் சொல்லி வைத்திருந்தார்.

"தொடைய வெட்டித் தரட்டா?" என்று கேட்டார் றஹீம்.

"வேணாம் நானா. முழுசாத் தாங்க. பார்பிகியூக்கு."

"கருமாதிச் சாப்பாடுன்னுதானே சொன்னீங்க?"

"ரெண்டும்தான்."

றஹீம் நானா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு முழுசாகவே சுற்றிக் கொடுத்தார்.

மரினேட் செய்கிற வேலை பின்னேரம் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், நடந்தது. துணி ஊறவைக்கிற பெரிய பேசினைத் தேய்த்துக் கழுவி நடுவில் வைத்து, கோட்டு மாட்டி, போனைக் கொழுந்துக் கூடையில் சாய்த்து நிறுத்திவிட்டு, நிமலன் பேசத் தொடங்கினார். லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மரினேஷன்னா என்ன? எறச்சிக்கு உள்ளுக்கு ருசிய ஏத்துறது."

"நாங்களும்தான் உப்பு மஞ்சள் போட்டு ஊற வைக்கிறோம்" என்றாள் ஒருத்தி.

"அது ஊற வைக்கிறது அக்கா. இது மரினேஷன்."

பிறகு பையிலிருந்து ஒரு தகர டப்பாவை மெதுவாக வெளியே எடுத்தார். கொழும்பில் வெள்ளைக்காரர்கள் வாங்குகிற கடையில் வாங்கிய தேயிலை. ஊவா தேயிலை. இந்த மலையிலோ பக்கத்து மலையிலோ பறித்து, கொழும்புக்கு இறங்கி, டப்பாவுக்குள் ஏறி, இறைச்சி ஊறவைப்பதற்காக மறுபடி மலையேறி வந்திருந்தது. லயத்தில் குடிப்பது தூள் என்று பெயர் வைத்த வேறொரு பொருள். டப்பா கை மாறிக் கை மாறிப் போனது. எல்லோரும் மோந்து பார்த்தார்கள்.

"இது நம்ம தேயிலையா? நம்ம தேயிலையில இம்புட்டு வாசமா இருக்கு?"

"மூடியில யாருடி இவ? பல்லக் காட்டிக்கிட்டு கொழுந்து எடுக்குறா?"

"கூடையப் பாரு, காலியா இருக்கு. அதான் சிரிக்கிறா."

நிமலன் காத்திருந்தார். சிரிப்பு அடங்கியதும், கொதிக்க வைத்த தேயிலைச் சாயத்தை ஆறவிட்டுப் பேசினில் ஊற்றினார். உப்பு, இஞ்சி, பூண்டு, மிளகு, தயிர், வினிகர், சோயா சோஸ், கடுகு, தோடம்பழச் சாறு. கடைசியாக ஒரு முழுப் போத்தல் கித்துல் பாணி, கித்துல் பனையின் இனிப்புப் பாகு.

"பாணிய இப்ப ஊத்தாதடா" என்றாள் இராக்கம்மா. "இனிப்பு நெருப்பக் கண்டதும் கரிஞ்சு போகும். எறச்சி வெந்ததுக்குப் பெறகு மேலால தடவு."

"அது க்ளேஸ் அக்கா. மொதல்லருந்து பளபளன்னு இருக்கணும். கேமராவுக்கு."

தொட்டுக்கொள்ள ஐந்து போத்தல் சோஸும் இருந்தது. ஒவ்வொன்றிலும் அவரே அச்சடித்து ஒட்டிய பெயர். இராக்கம்மா ஐந்திலும் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"தக்காளி சோஸ்" என்றாள் முதலாவதற்கு. "தக்காளி சோஸ்ல மொளகாத்தூள்." இரண்டாவது. "தக்காளி சோஸ்ல பாணி." ஐந்தாவதற்கு வரும்போது அவளுக்கே அலுத்துவிட்டது.

விஜயலெட்சுமி பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயத்தில் ஆட்டுத் தொடை கறுத்துக்கொண்டு வந்தது. மூடச் சொன்னார்கள். மூடினாள்.

மறுநாள் காலையில்தான் சிரட்டைக் கரி வரவில்லை என்பது தெரிந்தது. பார்பிகியூக்கென்று வாங்கிய இரண்டு சாக்கு. நிமலன் வத்தளைக்குப் போன் எடுத்தார். சத்தம் போட்டுப் பேசுகிற போன். லயம் முழுக்கக் கேட்டது.

"வாசல் கேட்டுக்கிட்ட வச்சிட்டுப் போயிருந்தீங்களே, அதுவா?" என்றாள் கேஷானி. "குப்பைன்னு நெனச்சு லொறில போட்டு அனுப்பிட்டேன்."

பதுளைக்குப் போய்வர அரை நாள். தேயிலை மாறு விரல் தடிப்பு. பற்றினால் நின்று எரியாது. நிமலன் இடுப்பில் கை வைத்து நின்று சுற்றிலும் பார்த்தார். கீழே ஃபெக்டரி முற்றத்தில் விறகு மலையாகக் குவிந்திருந்தது.

"அமெரிக்காவுல ஊருக்கு ஊரு ஒரு மரம் வச்சிருக்கான். அந்தப் பொகைதான் அந்த ஊரு ருசி. நம்ம ஊருக்கு இருக்குற மரத்த விட்டுட்டுக் கரியத் தேடுறோம் பாருங்க!"

"டேய், அது டர்பன்டைன்டா" என்றாள் இராக்கம்மா. "அதுல கருவாடுகூட சுட மாட்டோம்."

"அரோமா அக்கா."

"ஃபெக்டரியில பொகை கொழா வழியாப் போயிரும். நீ மூடி போட்டு அடைக்கப் போறங்கிற!"

"அடைச்சாத்தான் அக்கா அரோமா."

விறகு கேட்கத் தலைவர் தேவதாசன் போனார். எழுபது வயது, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதும். ஃபெக்டரிக் காவலுக்கு நின்ற வாச்சரிடம் பத்து நிமிஷம், தொழிலாளியின் உரிமை பற்றி நின்றபடி பேசினார். வாச்சருக்கு வெயில் தாங்கவில்லை. இரண்டு கட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தேவதாசன் அண்மைக் காலத்தில் வைத்து வென்ற கோரிக்கை அது ஒன்றுதான்.

எண்ணெய்ப் பீப்பாயை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியில் நெருப்பு, மேலே கம்பி, மறு பாதி மூடி. புகை போதவில்லை என்று நிமலன் டர்பன்டைன் இலையைப் பச்சையாக ஒடித்து இரண்டு கொத்து உள்ளே போட்டார். அதற்குப் பிறகு போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் தூரிகையால் பாணிச் சாயத்தைத் தடவினார். தடவியது எரிந்தது. எரிந்ததன் மேல் மறுபடி தடவினார். லயத்து நாய்கள் மூன்றும் வாசத்துக்கு வந்தன. கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போயின. இதை நிமலன் கவனிக்கவில்லை. இராக்கம்மா கவனித்தாள். உள்ளே போய்ப் பெரிய சட்டியையும் புளியையும் எடுத்து வைத்தாள்.

பன்னிரண்டு மணிச் சாப்பாடு மூன்று மணிக்கு வந்தது. வாசலில் பாய் போட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இலையில் சோறும் பருப்பும் வெட்டி வைத்த இறைச்சியும் ஆறிக்கொண்டிருந்தன. முதல் துண்டு தின்னப்படாமல் யாரும் கை வைக்க முடியாது; முதல் துண்டு கொடுக்கப்படுவதற்கு முன் தேவதாசன் பேசி முடிக்க வேண்டும்.

"அமரர் வீரய்யா அவர்கள், நெருப்போடு வாழ்ந்தவர். இன்று அவருடைய அன்புத் தம்பி, கொழும்பு மாநகரின் தலைசிறந்த சமையற்கலைஞர், அதே நெருப்பை நமக்கு..."

"தலைவரே, பசிக்குது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"...நமக்கு வழங்குகிறார். சர்வதேசத் தரத்தில்" என்று தேவதாசன் முடித்தார்.

நிமலன் இடுக்கியால் ஒரு துண்டை எடுத்தார். வெளியே கறுத்து மினுமினுத்தது. மேலே இரண்டு நிற சோஸை வளைத்து வளைத்து ஊற்றினார். போனை, கார் ஓட்டி வந்த கேஷானி பக்கத்து உறவு ஒருத்தரிடம் கொடுத்து, முகத்தை நெருக்கி எடுக்கச் சொன்னார்.

"அண்ணி, சாப்புட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நேச்சுரலா."

விஜயலெட்சுமி துண்டில் ஒரு வாய் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள்.

"முறிஞ்சிது, முறிஞ்சிது" என்று நாற்பது கைகள் இலைக்குப் போயின.

கடித்த வாய்கள் பாதியில் நின்றன. யாருக்கும் முதலில் துப்ப மனமில்லை. வெளித்தோல் கரி, உள்ளே கடித்தால் இரத்தம், இரண்டுக்கும் நடுவில், மூக்கைத் திறந்துகொண்டு நேராக மண்டைக்கு ஏறுகிற ஒரு வாசம்.

"ஆட்டுக்குத் தைலம் தேச்சு விட்டிருக்காக" என்றாள் ஒருத்தி தாழ்ந்த குரலில்.

"எனக்கு மூணு நாளா மூக்கடைப்பு. இப்ப தொறந்திருச்சு."

"திங்கிறதா, நெஞ்சுல பூசுறதா?"

தேவதாசனின் வாயில் பெரிய துண்டு. சர்வதேசத் தரம் என்று சொன்ன வாய் அது, துப்ப வழியில்லை. கண்ணில் நீர் முட்ட, ஒரு சங்கத்தின் கௌரவம் முழுவதையும் தொண்டைக்குள் இறக்குவதுபோல் விழுங்கினார்.

விஜயலெட்சுமி மீதியை மென்றுகொண்டிருந்தாள். வாயில் ஆடு இல்லை. கோழி இல்லை. ஊவாவும் இல்லை, பாணியும் இல்லை. கிழங்குதான் இருந்தது. காக்கிக் கோட்டுப் பையிலிருந்து எடுத்த, கடதாசி ஒட்டிய, ஒரு பக்கம் கரிந்த கிழங்கு. பதினேழு நாளில் அவள் நாக்கில் பட்ட முதல் ருசி. அவளுக்குச் சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. ருசி இருந்தது, அவ்வளவுதான். எலும்பைக் கடித்தாள். எலும்பிலும் இருந்தது. அவள் மூக்கு ஒழுகியது. அழுகிறாள் என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். அது புகை.

"இன்னொரு துண்டு இருக்கா தம்பி?" என்றாள்.

பதினேழு நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி. நிமலனின் முகம் அப்படியே மலர்ந்தது. "எடுத்தீங்களா? இத எடுத்தீங்களா?" என்று போன்காரரிடம் கத்தினார். ஒன்றுக்கு மூன்றாக வைத்தார். அவள் மூன்றையும் தின்றாள். நாற்பது பேரில் விரும்பித் தின்றது அவள் ஒருத்திதான்.

இதைவிட நல்ல நேரம் வராது என்று நிமலனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். தேவதாசனிடம் எழுதுகிற பேனாவை வாங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அண்ணி இனிமே எங்க பொறுப்பு. நாளைக்கு எங்களோட வத்தளைக்கு வர்றாங்க. அண்ணி, எல்லார் முன்னுக்கும் ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லிருங்க. வர்றீங்கதானே?"

இராக்கம்மா கரண்டியோடு குசினி வாசலில் நின்றாள். அந்த "சரி" அவளுக்கு முன்கூட்டியே காதில் விழுந்தது.

விஜயலெட்சுமி விரலை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"வத்தளையில இந்த வெறகு கெடைக்குமா தம்பி?"

"எந்த வெறகு?"

"இந்த டர்பன்டைனு."

நிமலன் சிரித்தார். "அங்க எதுக்கு அண்ணி வெறகு? நம்ம வீட்ல கேஸ். ஒரு பொகை வராது."

"அப்ப நான் வரல" என்றாள் விஜயலெட்சுமி.

நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனால் சிலருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணி, வெறகுக்காகவா?"

"ம்."

"எல்லாம் பேசி முடிச்சாச்சே. கேஷானி ரூமெல்லாம் ரெடி பண்ணி... வெறகுதான் வேணும்னா நான் ஒரு கட்டைய டிக்கில போட்டு..."

"வேணாம் தம்பி. அங்க பொகை வரக்கூடாதுல்ல" என்றாள். "நான் நாளைக்குப் பெரட்டுக்குப் போகணும்."

பெரட்டுக்கு, காலையில் பெயர் கொடுத்து வேலைக்குப் பிரிகிற இடத்துக்கு, அவள் போய்ப் பதினேழு நாளாகிறது. இனி அங்கே போக மாட்டாள் என்றுதான் கடிதத்தில் எழுதியிருந்தது. நிமலன் கடிதத்தைப் பார்த்தார். அவருடைய கையிலிருந்த சோஸ் அதில் 'சொந்த விருப்பத்தின்' மேல் வழிந்திருந்தது.

"கேட்டுச்சாடா?" என்றாள் இராக்கம்மா. "நாப்பது பேருக்கு முன்னுக்குக் கேட்ட. நாப்பது பேருக்கும் கேட்டிருச்சு."

தேவதாசன் எழுந்தார். விஜயலெட்சுமியை வழியனுப்பும் உரை ஒன்றை அவர் தயாரித்து வைத்திருந்தார். அதை வீணாக்க மனமில்லை. 'எங்கு சென்றாலும்' என்று வந்த இடங்களிலெல்லாம் 'இங்கு இருந்தாலும்' என்று மாற்றி, முழுவதையும் பேசினார்.

அவர் பேசுகிற நேரத்தில் இராக்கம்மா இலை இலையாகப் போய் இறைச்சி முழுவதையும் சட்டியில் சேர்த்தாள். கரிந்த தோலைச் சுரண்டினாள். சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசி, சின்னதாக வெட்டி, புளியும் மிளகாயும் மல்லியும் போட்டுக் கொதிக்க வைத்தாள். பொழுது சாய்வதற்குள் லயம் குழம்புச் சோறு தின்றது. வாசம் முழுவதும் போகவில்லை; ஆனால் பேச்சு வந்துவிட்டது. நிமலன் குசினி மூலையில் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து இரண்டு தரம் சோறு வாங்கினார்.

"எப்படிடா இருக்கு?"

"கொழம்பு கொழம்புதான் அக்கா" என்றார், வாயில் சோற்றோடு. கேமரா அப்போது அங்கே இல்லை.

மறுநாள் கார், ஐந்து சோஸ் போத்தலையும் விட்டுவிட்டுப் போயிற்று. கோட்டை விடவில்லை, அது திருப்பிக் கொடுக்க வேண்டியது. வாரம் முடிவதற்குள் சேனலில் படம் வந்தது. 'ஊவா தேயிலை மரினேட்: முதல் துண்டிலேயே கண் கலங்கிய அண்ணி' என்று தலைப்பு. முன்னூற்று நாற்பது பேர் பார்த்தார்கள். எந்த மரத்தின் புகை என்று ஒருவர் கேட்டிருந்தார். தொழில் ரகசியம் என்று நிமலன் பதில் போட்டார்.

கார் போன அந்தக் காலையில் விஜயலெட்சுமி பெரட்டுக்குப் போனாள். கணக்கப்பிள்ளை கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன, நீங்க நின்னுட்டதால்ல சொன்னாங்க?"

"இல்லைங்க."

பெயரைப் போட்டார். அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள். பனி இறங்கியிருந்தது. கை தானாகக் கொழுந்து எடுத்தது. மனசு முன்போலவே ஒன்றுமில்லாமல்தான் இருந்தது; அதற்காக அவள் கவலைப்படவும் இல்லை.

மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து எல்லோரும் ரொட்டியைப் பிரித்தார்கள். விஜயலெட்சுமி ஒரு கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே சுட்ட மரவள்ளிக்கிழங்கு. பீப்பாயில் எரியாமல் மிஞ்சிய அரைக் கட்டையை முந்தின நாளே குசினிக்குள் இழுத்துப் போட்டிருந்தாள்.

பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்தாள். "என்னக்கா இது, தைல வாசம் அடிக்குது?"

"சளிக்கு நல்லது" என்றாள் விஜயலெட்சுமி.